வெளிச்சம் காட்டுகிற அக்கா

அந்தக்கா செத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது செத்த சேதியை அதனிடம் கொண்டுபோனால், "நீ கண்ணால பாத்தியா புள்ள?" என்றுதான் முதலில் கேட்கும். பார்த்தேன் அக்கா. நல்ல பட்டப்பகலில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், உன் கை என் கைக்குள் இருக்கும்போதே பார்த்தேன். போதுமா?

செத்தவர்களின் முகத்தைப் பீங்கான் டைலில் பதித்துக் கொடுப்பதுதான் அந்தக்காவின் தொழில். எங்கள் விருத்தாசலத்தில் அந்தத் தொழிலுக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. காசியை விட வீசம் கூடுதல் புண்ணியம் என்று பேர் வாங்கிய ஊர். மணிமுத்தாற்றங்கரையில் கருமகாரியம் செய்ய எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருவார்கள். காரியம் முடித்து, தலை முழுகி, ஈரம் சொட்டச் சொட்ட பாலக்கரையில் இருக்கிற என் கடைக்கு வந்து நிற்பார்கள். என்னுடையது டிடிபி கடை. ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் உண்டு. அவர்கள் கொடுக்கிற போட்டோவில் பின்னால் நிற்கிறவர்களை அழித்து, கசங்கின காலரைச் சரிசெய்து, நெகட்டிவ் ஃபிலிம் போட்டுக் கையில் கொடுப்பேன். "செராமிக் பேட்டையில போயி வெளிச்சம் காட்டற அக்கா எங்கன்னு கேளுங்க, காட்டுவாங்க" என்று அனுப்பிவைப்பேன்.

அங்கே போனதும்தான் வம்பு ஆரம்பிக்கும்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருத்தர் வந்தார். மொட்டைத் தலை இன்னும் பச்சையாக இருந்தது. கூட அவர் சம்சாரம். "எங்கப்பாருங்க. நெஞ்சுவலி" என்று நெகட்டிவை நீட்டியிருக்கிறார். அக்கா அதைக் கையில் வாங்கவே இல்லை.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"என்னாதுங்க?"

"அவரு போனத. நீங்க பாத்தீங்களா, இல்ல யாராச்சும் வந்து சொன்னாங்களா?"

"ஏம்மா, நான்தாம்மா கொள்ளி வெச்சவன்!"

"அப்ப சரி. அப்பாரு பேரு சொல்லுங்க."

அந்த மனிதர் திரும்ப என் கடைக்கே வந்து சாமியாடிவிட்டார். நாக்கு மேல் பல்லைப் போட்டு இழவு வீட்டுக்காரனிடம் இப்படிக் கேட்பார்களா என்று கத்தினார். மத்தியானம் கடையை எங்கள் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நேராகப் பேட்டைக்குப் போனேன்.

"ஏங்க்கா, நீ தொழில் பண்றியா, போலீஸ் ஸ்டேஷன் நடத்தறியா? வெந்த புண்ணுல வேல பாச்சறியே, நல்லாவா இருக்குது?"

அக்கா மண் பிசைந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெளிச்சம் பட்டுட்டா திரும்பாது புள்ள. அதான் கேட்டுக்கறேன்" என்றது.

அது என்ன வெளிச்சம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் ஸ்டாம்பு செய்வதற்காக நான் புதுச்சேரியிலிருந்து ஒரு பெட்டி வாங்கிவந்தேன். உள்ளே நீல டியூப் லைட், மேலே கண்ணாடி. அதற்கென்று பாலிமர் ஷீட் என்று ஒன்று வரும். தேன் நிறத்தில், தொட்டால் லேசாக ஒட்டும். அதன் மேல் நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால், நெகட்டிவில் எங்கெங்கே வெளிச்சம் நுழைகிறதோ அங்கெல்லாம் ஷீட் இறுகிப்போகும். மற்ற இடம் இளக்கமாகவே கிடக்கும். தண்ணீரில் போட்டு மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்தால் இளக்கமெல்லாம் கரைந்து ஓடிவிடும், இறுகினது மட்டும் மேடாக நிற்கும். நான் அதில் தலைமை ஆசிரியருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் முத்திரை செய்துகொண்டிருந்தேன். அக்கா அப்போது பேட்டையில் ஒரு கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தது. ஒருநாள் முதலாளிக்கு ஸ்டாம்பு வாங்க வந்த இடத்தில், இறுகின எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல மொகம் வருமா?" என்று கேட்டது. வந்தது.

மேடாக நிற்கிற முகத்தை ஈர மண்ணில் அழுத்தினால் மண்ணில் பள்ளமாக விழும். அதைக் காயவைத்து ஒருதரம் சுட்டு, கிளேஸ் என்கிற கறுப்புப் பூச்சை ஊற்றித் துடைத்து, மறுபடி சூளைக்குள் வைத்தால் பள்ளத்தில் தங்கின கறுப்பெல்லாம் சேர்ந்து முகமாகிவிடும். முடி, புருவம், கண்மணி எல்லாம் விரலுக்குத் தட்டுப்படும். போட்டோ வெயிலில் வெளுத்துவிடும், இது வெளுக்காது. அதற்காகத்தான் ஜனம் வந்தது. சில பொம்பளைகள் டைலை வாங்கினதும் பார்க்கவே மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு புருவத்தைத் தடவிவிட்டு, அப்புறம்தான் அழுவார்கள்.

கம்பெனி வேலையை விட்டு, அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கிவைத்து அக்கா தொழில் நடத்தின அறையில் ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். மஞ்சள் பல்பு ஒன்றே ஒன்று எரியும், மஞ்சள் வெளிச்சத்துக்கு அந்த ஷீட் இறுகாது. கூரையில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து வெயில் இறங்கினால் போதும், அக்கா மண்ணை உருட்டிக்கொண்டு ஏணி மேல் ஏறிவிடும். ஒருதரம் கரண்டு ரீடிங் எடுக்க வந்த ஆள் தட்டாமல் கதவைத் திறந்துவிட்டான். பிரித்துவைத்திருந்த ஷீட் முழுக்க ஒரு முகமும் இல்லாமல் இறுகிப்போய்விட்டது. அன்றைக்கு அக்கா அவனைத் திட்டின திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. நான் அந்த அறைக்குள் அதிக நேரம் உட்கார மாட்டேன். அந்த மஞ்சளில் அக்கா முகமும் என் முகமும் அலமாரியில் காய்கிற முகங்களும் ஒரே நிறமாகத் தெரியும்.

வெளிச்சம் எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்பதற்கு நான் டைமர் வாங்கிக் கொடுத்திருந்தேன். அது பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே கிடந்தது. அக்காவின் கணக்கு வேறு. செத்தவரின் பேரை முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்ளும். விளக்கைப் போட்டதும் அந்தப் பேரைச் சொல்ல ஆரம்பிக்கும். "முருகேசன்... முருகேசன்..." அடுத்த அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரல்தான், உரக்கவும் இருக்காது, முணுமுணுப்பாகவும் இருக்காது. போதும் என்று எப்போது தோன்றுமோ அப்போது நிறுத்தி, விளக்கை அணைக்கும். அளவு கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

"டைமரு டிங்குன்னு அடிக்கறது செத்தவங்களுக்கு மரியாத இல்ல புள்ள" என்று எனக்குச் சமாதானம் சொன்னது. வெளியே காத்திருக்கிற குடும்பத்துக்கு அந்தக் குரல் கேட்கும். அவர்கள் ஆளை யாரோ உள்ளே திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், அவர் பதில் கொடுக்கவில்லை. இதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் ரோட்டுக்குப் போய்விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உயிரோடு இருக்கிறவர் முகத்தைத் தொடவே தொடாது. ஒரு கட்சிக்காரர், தலைவர் பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்கிறேன் என்று ஆட்களோடு போய் இறங்கினார். அக்கா நிதானமாகக் கேட்டிருக்கிறது. "மண்ணுல பொதச்சி, அடுப்புல வெச்சி சுடுவேன். இது தலைவருக்குத் தெரியுமா?" வந்தவர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்கள். பேட்டை முழுக்கச் சிரித்தது. அந்த வருஷம் அவர்கள் போஸ்டர் வேலையெல்லாம் வேறு கடைக்குப் போய்விட்டது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். வேப்பூர்க்காரப் பெண் விஷயத்தில்தான் அக்கா மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

சின்ன வயசு. புருஷன் வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் இறந்து, பெட்டியில் வந்திருக்கிறார். நாள்பட்டுவிட்டது, திறக்காதீர்கள் என்று சொல்லி அப்படியே அடக்கம் செய்துவிட்டார்கள். காரியம் முடித்துவிட்டு மச்சானோடு வந்தாள். அக்கா வழக்கம்போல் ஆரம்பித்தது.

"நீ கண்ணால பாத்தியாம்மா?"

"பெட்டியில வந்தாருக்கா."

"பெட்டிய தொறந்து பாத்தீங்களா?"

அவ்வளவுதான். அதுவரைக்கும் அழாமல் நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மச்சான் கத்தினார். நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். "நீ பொம்பளதானாக்கா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டேன். அக்கா நெகட்டிவை வாங்கி, பேரைக் கேட்டு, டைல் செய்து கொடுத்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் அதோடு போகவில்லை. அடிக்கடி பஸ் ஏறி வர ஆரம்பித்தாள். அக்காவோடு அந்த மஞ்சள் அறையில் உட்கார்ந்துகொண்டு, பெட்டி கனமாக இருந்ததா, லேசாக இருந்ததா, அதில் ஒட்டியிருந்த தாளில் பேர் சரியாக இருந்ததா என்று பேசுவாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும். இல்லை என்றும் சொல்லாது, ஆமாம் என்றும் சொல்லாது.

பிற்பாடு ஒருதரம் திருச்சிக்குப் போகும்போது வேப்பூர் கூட்ரோட்டில் ஒரு ஓட்டலில் சாப்பிட இறங்கினோம். அவள்தான் பரிமாறினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், இன்னொரு தோசை வைத்தாள், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. கையில் சாம்பார் வாளியோடு அப்படியே நின்று, இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்தாள். கடைசி ஆள் இறங்கி, பஸ் கிளம்பினபிறகுதான் என் இலைக்குச் சாம்பார் வந்தது.

ஊருக்கு வந்ததும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "ஒரு கேள்வி கேட்டுட்டு அந்தப் பொண்ண அப்படியே நிக்க வெச்சிட்டியேக்கா. பாவம் இல்லியா?"

"பாத்துக்கிட்டு இருக்கறதுல என்னா புள்ள பாவம்?" என்றது அக்கா. "நான் பாக்கல?"

அது பார்த்துக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் சூளையில் வேலை பார்த்தவர். வேலை பார்த்த கம்பெனியை மூடினதும், வெளியூரில் வேலை கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மகள் செல்வி அப்போது பால்வாடிக்குப் போகிற குழந்தை. போனவர் திரும்பவில்லை. ரொம்ப நாள் கழித்து, எங்கேயோ தண்டவாளத்தில் ஒரு உடம்பு கிடக்கிறது என்று சேதி வந்தது. அக்காவைக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கொழுந்தன் போனார். அங்கேயே எல்லாம் முடித்து, மொட்டை போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"மூஞ்ச பாத்தியா தம்பி?" என்று அக்கா கேட்டது.

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூஞ்சி இல்ல அண்ணி. சட்ட அண்ணன் சட்ட மாதிரியே இருந்துச்சி."

"அந்தச் சட்ட கடையில இன்னும் விக்கிது" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தது. பொட்டை அழிக்கவில்லை, மெட்டியைக் கழற்றவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசினார்கள். பேசிப் பேசி ஓய்ந்தும்போனார்கள். என்னைக் கேட்டால் அவர் செத்துத்தான் போயிருப்பார். இத்தனை வருஷம் ஒரு மனுஷன் பெற்ற மகளைப் பார்க்காமல் இருப்பானா? ஆனால் இதை அக்கா முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. இத்தனைக்கும் என் வாய் ஊர் அறிந்த வாய்.

செல்வி படித்து, பெண்ணாடத்தில் ஒரு மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே கரும்பு பயிர் வைக்கிற குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தங்கமான பையன். அவன் அம்மாவும் நல்ல மாதிரிதான். பேசி முடிக்க வந்த இடத்தில் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"நாங்க குத்தம் சொல்லலீங்க சம்பந்தி. பொண்ணோட அப்பா இருக்காருன்னா, எங்க இருந்தாலும் வந்து மணையில ஒக்காரட்டும். இல்லன்னா அவருக்கு ஒரு படையல் போட்டு, வேட்டி துண்டு வெச்சி கும்புட்டுட்டு ஆரம்பிக்கலாம். செத்தவர பட்டினி போட்டுட்டு தாலி கட்டினா புள்ளைங்களுக்கு ஆவாதுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க."

அவர் கேட்டதில் தப்பு என்ன? எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் போனவர்களுக்குப் படைக்காமல் பந்தக்கால் நட மாட்டோம். படைக்க வேண்டுமென்றால் படம் வேண்டும். ஊர் பூராவுக்கும் படம் செய்து கொடுத்த அக்கா வீட்டுச் சுவரில் ஒரு ஆணி கூடக் கிடையாது.

பத்திரிகை என் கடையில்தான் தயாரானது. அப்பா பேர் போட வேண்டிய இடத்தில் முன்னால் 'தெய்வத்திரு' போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். அக்காவும் செல்வியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி அதிர்ந்து பேசுகிற பெண்ணே இல்லை. அன்றைக்கும் அதிராமல்தான் பேசினாள்.

"அம்மா, எனக்கு ஒரு அப்பாவ குடு. உசுரோட குடு, இல்லன்னா படமா குடு. ரெண்டும் இல்லாம நான் எப்படிம்மா போயி மணையில ஒக்கார்றது?"

கரண்டு இருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் எனக்கு வேர்த்துவிட்டது. அக்கா எழுந்து, "போட்டோ வூட்டுல இருக்குது. எடுத்தாரேன்" என்றது.

கல்யாணப் போட்டோதான். அதிலிருந்து அவரை மட்டும் பிரித்து எடுத்தேன். பக்கத்தில் நின்ற அக்காவை அழிக்க வேண்டியிருந்தது. பையன் மாதிரி இருந்தார். மாப்பிள்ளையை விடச் சின்ன வயசு. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு, போட்டோகிராபர் ஏதோ கிண்டல் செய்திருக்க வேண்டும்.

நெகட்டிவைக் கொண்டுபோனபோது பேட்டையில் கரண்டு இல்லை. அக்காவுக்கு உயிர் வந்தது. "பெட்டி எரியாது. இன்னிக்கி வேணாம் புள்ள" என்று எழுந்துவிட்டது.

"வெயிலு இருக்குதில்ல" என்றாள் செல்வி.

வெயில் இருந்தது. விருத்தாசலத்து வெயிலுக்கு என்ன குறைச்சல்? கரண்டு போனால் அக்கா வெயிலில் காட்டுவது வழக்கம்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஷீட்டையும் நெகட்டிவையும் வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, வாசலில் கவிழ்த்துப்போட்ட டிரம்மின் மேல் கொண்டுவந்து வைத்தோம். துணியை இழுத்தால் வெளிச்சம், மூடினால் முடிந்தது. அக்கா துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒருவழியாக இழுத்தது.

இழுத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா புருஷன் பேரைச் சொல்லாது. சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் கூட செல்வியைத்தான் சொல்லச் சொல்லும். நானெல்லாம் எங்கள் வீட்டுக்காரரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் அந்த மரியாதையும் கிடையாது. அக்கா அந்த வளர்ப்பு இல்லை. கண்ணாடி மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது, கீழே ஷீட் இறுகிக்கொண்டிருக்கிறது, அக்கா வாயை மூடிக்கொண்டு நிற்கிறது.

"சொல்லும்மா" என்றாள் செல்வி.

அக்கா தலையை ஆட்டியது.

"நான் சொல்லட்டாக்கா?" என்றேன்.

வெடுக்கென்று திரும்பியது. "நீ ஏன் சொல்ற? ஒனக்கு யாரு அவரு?"

அப்புறம் சொன்னது. முதல்முறை சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. இரண்டாவது முறை கேட்டது. அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை, அது அக்கா சொல்ல வேண்டிய பேர். அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரி சட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. தெருமுனையில் நிற்கிற ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி உரக்கக் கூப்பிட்டது. எதிர் கம்பெனியில் அகல் விளக்கு அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். எனக்கும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ரோட்டில் யாரும் இல்லை.

எத்தனையோ பேர் விஷயத்தில் போதும் என்பது தெரிந்த அக்காவுக்கு அன்றைக்கு அது தெரியவே இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. செல்விதான் அதன் கையிலிருந்து துணியைப் பிடுங்கிச் சட்டத்தை மூடினாள்.

தண்ணீரில் போட்டு பிரஷ் போட்டதும் முகம் வந்தது. ஆனால் வெயில் அளவுக்கு மீறிப் பட்டிருந்ததால் நுணுக்கமான இடமெல்லாம் அடைத்துப்போயிருந்தது. அக்கா கட்டைவிரலால் உதட்டோரத்தைத் தடவியது. "சிரிப்பு போயிடுச்சி" என்றது.

முதல் டைல் சூளைக்குள்ளேயே வெடித்துத் தூளாகிவிட்டது. பேட்டையில் எல்லாரும் வாயில் கை வைத்தார்கள், அவருக்குச் சம்மதம் இல்லை பார் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. செல்வி மட்டும் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நேராகக் கேட்டாள். "ஈரத்தோடயே வெச்சிட்டியாம்மா?" பேட்டையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குத் தெரியாதா, உள்ளே ஈரம் இருந்தால் மண் வெடிக்கும் என்று? அக்காவுக்குத்தான் தெரியாதா? அக்கா தப்புச் செய்த குழந்தை மாதிரி புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அந்தக் கல்யாணமே நின்றுபோனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

இரண்டாவது டைலைச் செல்வியே அழுத்தினாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நிழலில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காயவைத்தாள். கன்னத்தில் வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். அவளே கொண்டுபோய்ச் சூளையில் வைத்துவிட்டு வந்தாள். அப்பனுக்கு மகள் கொள்ளி வைத்த கணக்காகத்தான் இருந்தது, வேறு எப்படிச் சொல்வது? டைல் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. ஆணி அடித்தார்கள், சந்தன மாலை போட்டார்கள், வேட்டி துண்டு வைத்துப் படைத்தார்கள். நான் பத்திரிகையில் அந்தக் காலி இடத்தை நிரப்பினேன். பொட்டு இருக்கட்டும் என்று செல்வி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், மாப்பிள்ளை வீட்டிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது.

அதற்கப்புறம் அக்கா அந்த வெளிச்சப் பெட்டியைத் திறக்கவே இல்லை. வருகிறவர்களிடம் ஒன்றும் கேட்காமல் கைகூப்பி அனுப்பிவிடும். ஊரில் இப்போதெல்லாம் மிஷினிலேயே டைலில் படம் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், யாரும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. நான் கடையிலிருந்து சாப்பிடப் போகும்போது அக்கா வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வருவேன்.

அப்படி ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே வாசல் கேட்டின் கொண்டியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்த அக்கா, குமரிப்பெண் மாதிரி எழுந்து ஓடி, சுவரிலிருந்து டைலை மாலையோடு கழற்றி, பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனது. வந்தவர் கேஸ் சிலிண்டர்க்காரர். அவர் போனதும் டைலை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டியது.

"என்னாக்கா இது கூத்து?" என்றேன்.

அக்கா மாலையை நேராக்கிக்கொண்டே சொன்னது. "பேரு சொல்லிக் கூப்புட்டுட்டேன் புள்ள. எந்நாளும் கூப்புடாதவ கூப்புட்டிருக்கேன். வராம இருப்பாரா? வந்து நின்னு, செவுத்துல தன் மொகத்துக்கு மால தொங்கறத பாத்தா, மனசு என்னா பாடுபடும்? நாமளே கொன்னுட்டோம்னு நெனச்சிட மாட்டாரா?"

நான் அன்றைக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போகாமலே கடைக்குத் திரும்பிவிட்டேன். கொண்டி சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா இதைச் செய்தது. பால்காரர் வந்தாலும் செய்தது, தபால் வந்தாலும் செய்தது. செல்வி வந்திருக்கிற நாளில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். மகளுக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டது. கடைசிவரை நானும் சொல்லவில்லை.

அக்காவின் காரியம் முடிந்து, வீட்டைக் காலி செய்வதற்காகச் செல்வி வந்திருந்தாள். நானும் போனேன். பாத்திரமெல்லாம் கட்டி, துணியெல்லாம் மூட்டை போட்டு, சுவரில் அவள் அப்பா மட்டும் பாக்கி. "இத நான் கொண்டுட்டுப் போறேன் அத்த" என்றாள். அந்த டைலைக் கேட்டு வாங்கினவள் அவள், காயவைத்தவள் அவள், நெருப்புக்குக் கொடுத்தவளும் அவள். மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். வெளியே கொண்டி சத்தம் கேட்டது.

டீ டம்ளர் உருண்டது. நான் நிமிர்வதற்குள் செல்வி எழுந்துபோய் டைலைக் கழற்றிவிட்டாள். பீரோவைத்தான் முதல்நாளே ஏற்றி அனுப்பிவிட்டோமே, ஒளித்துவைக்க இடம் இல்லை. முந்தானையால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அறை நடுவில் நின்றாள்.

"யாருன்னு போயி பாரு அத்த" என்றாள்.